பேரு போடுங்க

எங்கள் வீட்டில் சீனி சுற்றி வந்த தாளை யாரும் கசக்கக் கூடாது. பருப்போ, கருவாடோ, செத்தல் மிளகாயோ, எது வந்தாலும் சரி, சாமானைக் கொட்டிவிட்டுத் தாளை மடிப்பு நீவிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அப்பா ஸ்டோரிலிருந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே அதைத்தான் எடுப்பார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. எங்கள் தோட்டத்தில் தேயிலை ஆலைக்கு அதுதான் பெயர். அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. சட்டையெல்லாம் வாடிய கொழுந்தின் மணம் வீச, தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் குந்திக்கொண்டு, கருவாட்டு எண்ணெய் ஊறிய தாளை மூக்குக்கு நேரே பிடித்துப் படிப்பார். கருவாட்டு வாடையும் விஞ்ஞானமும் இன்றுவரை எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

தாள்கள் வந்த வழியைச் சொல்ல வேண்டும். பதுளை டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் கடை, தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தினுடையது. கடை முதலாளி பழைய சஞ்சிகைகளைக் கட்டுக் கட்டாக வாங்கிக் கிழித்து, சாமான் சுற்றுவதற்கென்று கல்லாவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பார். அப்பா அவரிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். “மொதலாளி, நமக்கு சினிமாப் பக்கம் வேணாம். விஞ்ஞானம், அரசியல் ஏதாச்சும் இருந்தா அதுல சுத்துங்க.” முதலாளி சிரித்துக்கொண்டே தேடிப் பார்த்துச் சுற்றித் தருவார். ஆனால் கிழித்த தாள் கிழித்த தாள்தானே. எந்தக் கட்டுரையும் முழுசாக வந்து சேராது. தொடக்கம் இருந்தால் முடிவு இருக்காது. முடிவு இருந்தால் எதைப் பற்றிய முடிவு என்று தெரியாது. இப்படி, உலகத்தில் உள்ள அத்தனை விஷயத்திலும் அப்பாவுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை அவரே யோசித்துப் போட்டுக்கொள்வார். “பாதி எழுதுனவன் மூளையில இருந்து வருது, பாதி நம்ம மூளையில இருந்து வருது. சரிக்குச் சரி” என்பார்.

புத்தகங்களும் வைத்திருந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் விற்பவை, அட்டை போனவை. அவற்றை முழுசாகப் படித்தாலும் அப்பாவுக்குத் திருப்தி வராது. யோசிக்க மிச்சம் வைக்கவில்லை என்று குறைப்படுவார். கருந்துளையைப் பற்றி ஒரு தாள் வந்தது. ‘கருந்துளைக்குள் விழும் ஒருவர் முதலில்’ என்பதோடு கிழிந்துபோயிருந்தது. அந்த ஒருவரைப் பற்றி அப்பா பல வருடம் கவலைப்பட்டார். சாப்பிடும்போது திடீரென்று, “விழுந்தவன் கதி என்னாச்சோ” என்பார். நான் பெரியவளாகி, பதுளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவ்வளவு லேசா முடிஞ்சிருக்காது” என்றார். அவர் போய்ச் சேர்கிற வரைக்கும் அந்த மனிதரை விடவில்லை.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். இந்தத் தாள் சமாச்சாரத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நான் வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்ததாம். லயத்தில் உள்ள மாசமான பெண்கள் எல்லாம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்க, அப்பா மட்டும் அம்மாவை வெளியே வரச் சொல்லி வாதாடியிருக்கிறார். நிழல்தான், வேறு ஒன்றுமில்லை, தாளில் போட்டிருக்கிறது என்று. அம்மா கேட்டது ஒரே கேள்வி. “அந்தத் தாளோட மிச்சப் பாதியில என்னா எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?” அப்பாவுக்குத் தெரியாது. “அப்ப நான் உள்ளயே இருக்கேன்” என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாராம். இன்று யோசித்தால், எங்கள் வீட்டில் விஞ்ஞான மனப்பான்மை யாருக்கு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் வருகிறது.

மிச்சப் பாதி இல்லாததால் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று வகுப்பில் டீச்சர் கேட்டார். இலை பச்சை வெளிச்சத்தைக் குடிக்கிறது, குடித்துக் குடித்துப் பச்சையாகிவிட்டது என்று எழுந்து நின்று கம்பீரமாகச் சொன்னேன். அப்பா போட்டுக்கொடுத்த பாதி அது. டீச்சர் சிரித்தார், வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் அப்பா ஸ்டோருக்குப் போகாமல் பாடசாலைக்கு வந்தார். நான் பயந்துபோனேன். “பிழைன்னா பிழைன்னு சொல்லுங்க டீச்சர். ஏன் பிழைன்னு காரணம் சொல்லுங்க. சிரிப்பு காரணமாகாது” என்றார். டீச்சர் நல்லவர். கரும்பலகையில் வரைந்து, இலை மற்ற நிறங்களை எடுத்துக்கொண்டு பச்சையில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதை விளக்கினார். அப்பா கடைசி வாங்கில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வீட்டுக்கு வந்து, ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அம்மாவிடம் சொன்னார், இத்தனை காலம் இலை வேண்டாம் என்று தள்ளியதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று. அம்மா அசரவில்லை. “நாள் முழுக்க அதுக்குள்ளதான நிக்கிறேன். எங்கிட்டக் கேட்டிருந்தா அதுக்குப் பச்சை பிடிக்கலைன்னு நானே சொல்லியிருப்பேனே” என்றார்.

அப்பாவுக்குக் கோபம் லேசில் வராது. வந்தால் லேசில் போகாது. ஒருநாள் பகல் அவர் ஸ்டோர் வாசல் கல்லில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது தொரையின் ஜீப் வந்து நின்றது. தோட்டத்து முகாமையாளரைத்தான் தொரை என்போம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்பா எழவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “வாக்கியம் முடியலைங்க ஐயா. முடிஞ்சதும் எந்திரிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாள் அவரை அடுப்படிக்கு, கொதிகலனுக்கு விறகு தள்ளும் இடத்துக்கு மாற்றினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவோ, “அங்க வெளிச்சம் நல்லா இருக்கு புள்ள, எழுத்துத் தெளிவா தெரியுது” என்றார்.

அரசியலும் அவருக்கு இப்படித்தான், எங்கே தொடங்கினாலும் பூமியில் வந்து நிற்கும். என் தாத்தாவுக்கு இலங்கையில் பிரஜாவுரிமை இல்லை, இந்தியாவிலும் இல்லை. “ஒரு மனுசன் ரெண்டு காலையும் ஊன்றி மண்ணுல நிக்கிறான். ஆனா எந்த நாட்டுலயும் இல்ல. இது எந்தப் பௌதிகத்துல வருதுன்னு உங்க டீச்சரக் கேளு” என்பார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, தன் பெயர் என்னவென்று கேட்பார். அவர்கள் கையில் இருக்கும் தாளைப் பார்த்துச் சொன்னால், “தாளை மடிச்சு வச்சுட்டு இப்ப சொல்லுங்க” என்பார். ஆண் பெண் சமத்துவம் பற்றியும் நன்றாகப் பேசுவார். ஆனால் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டுதான் பேசுவார். எழுந்து உள்ளே போனது குறைவு. இதையும் சொல்லாமல் விட்டால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

பெயரைப் பற்றி அப்பாவுக்கு அப்படி என்ன பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் தோட்டத்து வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பேரு என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புவார்கள். பொழுது சாய்ந்து கொழுந்தை நிறுக்கும்போது, சொன்ன நிறை இருந்தால் பேரு போடுவார்கள். குறைந்தால் அரைப்பேரு. அம்மா மலையிலிருந்து இறங்கி வரும்போது நாங்கள் கேட்பதே, “இன்னிக்கு முழுப்பேரு விழுந்துச்சாம்மா?” என்றுதான். அப்பா இந்த வார்த்தையை வாழ்நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தார். “உலகத்துல எல்லாரும் பொறந்தப்ப ஒரு தடவை பேரு வாங்குறான், அது சாகுற வரைக்கும் போதும். நாமதான் தெனம் வாங்க வேண்டியிருக்கு. மழை பேஞ்சா அதுலயும் பாதி” என்பார்.

இனி ஒரு படத்தின் கதைக்கு வருகிறேன்.

இப்போது சுற்றுலாக்காரர்கள் குவியும் எல்ல என்ற ஊருக்குப் போனால் எங்கு பார்த்தாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள்தான். ஹோட்டல் சுவரில், தேயிலைப் பெட்டியில், பஸ்ஸின் முதுகில் எல்லாம் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு கூடப் படிப்பிக்கும் டீச்சர் ஒருவரின் கல்யாண விருந்து அங்கே ஒரு புதிய ஹோட்டலில் நடந்தது. உள்ளே நுழைந்ததும் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு ஒரு படம். சிவப்புச் சேலை, முதுகில் பிரம்புக் கூடை, பின்னால் மூடுபனி. அது என் அம்மா. கையில் குளிர்பானத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், “நல்ல முகவெட்டு, இல்லையா?” என்று என்னிடமே சொன்னார்.

தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஓ, அதுவா. ஐயா வந்து நில்லுன்னாரு, நின்னேன். சேலையும் அவங்க கொண்டாந்ததுதான். இந்த மாதிரிக் கூடைய கண்ணால கண்டே எவ்வளவு காலமாச்சு, இப்ப எல்லாம் பைதான. சிரிக்கச் சொன்னாங்க. கால்ல அட்டை கடிச்சிக்கிட்டு இருந்துச்சு, எங்கிட்டு சிரிக்கிறது?” என்றவர், இன்னொரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆனாலும் சிரிச்சுத்தான் இருக்கேன்” என்றார். அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அதை மறைக்கவும் இல்லை.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைத் தேடினார். அவர் பழக்கம் அது. “கீழ என்ன போட்டிருக்கு?”

“கொழுந்து பறிக்கும் பெண்னு, இங்கிலீசுல.”

“பேரு?”

“இல்லப்பா.”

“மூலையில ஏதோ சின்னதா இருக்கே?”

“அது படம் எடுத்தவரோட பேரு.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “எடுத்தவனுக்குப் பேரு இருக்கு. நின்னவளுக்கு இல்லையா?” என்றார். அதற்குப் பிறகு அன்று அவர் எதையும் படிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வெல்லவாய பஸ்ஸில் எல்லவுக்குப் போனார். ஹோட்டல் முகாமையாளர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தாலும் பேச்சில் எங்கள் மலை வாடை இருந்தது. அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். “இது எங்க வீட்டுக்காரம்மா படம். பேரு போடாம விட்டுட்டீங்க. பேரு போடணும்.”

முகாமையாளரின் முகம் மாறிவிட்டது. “தெரியாமப் போச்சுங்க ஐயா, மன்னிச்சுக்குங்க. ஒரு நிமிசம்” என்று பதறி உள்ளே போனார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று நான் வியந்தேன். திரும்பி வந்து ஒரு உறையை இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். “முழுப்பேரு போட்டிருக்கேங்க.”

அப்பா உறையைத் திறந்து பார்த்தார். உள்ளே பணம். ஒரு நாள் சம்பளம். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “நான் இந்தப் பேரக் கேக்கல” என்றார். முகாமையாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சரிங்க ஐயா. ஒண்ணரைப் பேரு?”

நான் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே அம்மா வேறு சிரித்துக்கொண்டு நின்றார்.

“தம்பிக்கு எந்தத் தோட்டம்?” என்று கேட்டார் அப்பா.

“கொஸ்லந்தப் பக்கங்க. அப்பா அங்க பேரு போடுற கணக்கப்பிள்ளையா இருந்தாரு.”

“அதான்” என்றார் அப்பா. பிறகு பொறுமையாகச் சொன்னார். “எனக்கு ஒண்ணரையும் வேணாம், ரெண்டும் வேணாம். அவளுக்கு அவ அப்பன் ஆயி வச்ச பேரு ஒண்ணு இருக்கு. அத இந்தப் படத்துக்குக் கீழ எழுதுங்க. காசு வேணாம்.”

கணக்கப்பிள்ளை மகனுக்கு இப்போதுதான் உண்மையில் கஷ்டம் வந்தது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “காசுன்னா நானே குடுத்துருவேங்க ஐயா. பேருன்னா கொழும்புல கேக்கணும்.”

அப்பா இந்த வசனத்தைப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். எந்தத் தாளிலும் படிக்காத முழு அரசியல் இது, இதில் கிழிந்த பாதி என்று ஒன்று இல்லை என்பார்.

கொழும்பில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. அப்பா ஓய்வு பெற்றவர், நேரம் நிறைய இருந்தது. ஹோட்டலுக்கு எதிரே ரோட்டோர மதகில் போய் உட்காரத் தொடங்கினார். பையில் இரண்டு தாள், ஒரு போத்தல் தேத்தண்ணி. வெள்ளைக்காரர்கள் உள்ளே போகும்போதும் வரும்போதும் எழுந்து நின்று, என்னிடம் பாடம் கேட்டுப் பழகிய இங்கிலீசில் சொல்வார். “தட் லேடி ஹேஸ் நேம். ப்ளீஸ் ஆஸ்க்.” தொரைக்கு எழாதவர் இதற்கு எழுந்து நின்றார். சிலர் பிச்சை என்று நினைத்துக் காசை நீட்டுவார்கள். வாங்கமாட்டார். சிலர் உண்மையிலேயே உள்ளே போய், அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார்கள். வரவேற்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபேஸ்புக்கில் போடட்டுமா என்று நான் கேட்டதற்கு, “அங்க ஊரெல்லாம் பாக்கும், ஒருத்தனும் பதில் சொல்லமாட்டான். இங்க ஒருத்தன் பதில் சொல்லியாகணும்” என்றார். முகாமையாளர் ஒருநாள் வெளியே வந்து, தொந்தரவு செய்வதாகப் பொலிஸில் சொல்லச் சொல்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம். “தாராளமாச் சொல்லுங்க தம்பி. அவங்களும் வந்து மொதல்ல பேரத்தான் கேப்பாங்க” என்று அப்பா பதில் கொடுத்திருக்கிறார்.

இதில் யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் நல்ல மழை. அப்பா தொப்பலாக நனைந்து, இருமிக்கொண்டு வந்தார். அம்மா தலை துவட்டத் துண்டை எறிந்தார். கொடுக்கவில்லை, எறிந்தார்.

“எதுக்கு இந்தப் பாடு?”

“உம் பேருக்குத்தான்.”

“எம் பேர வச்சு நீங்க என்னா பண்ணப் போறீங்க? கட்டுன நாள்ல இருந்து இந்தா, ஏய், புள்ள. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எம் பேரச் சொல்லி நீங்க கூப்பிட்டிருக்கீங்களா? மாசத்துக்கு ஒருக்கா சம்பளம் போடுற கிளாக்கர் கூப்பிடுறாரு, அதுவும் நம்பரோட. அந்தாளுக்கு இருக்கிற ஞாபகம் உங்களுக்கு இருக்கா? ஹோட்டல்காரன் எழுதலையாம். வீட்டுல இருக்கிறவரு சொல்லலையே, அதக் கேக்க எந்த மதகுல போயி நான் குந்துறது?”

துண்டு அப்பாவின் கையில் அப்படியே இருந்தது. அம்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. லயத்துக்காரர்களுக்கு அவர் ஸ்டோர்காரர் வீட்டம்மா. எனக்கு அம்மா, சின்னவர்களுக்குச் சித்தி, அத்தை. பேர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவருடைய அம்மா. அவரும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. இப்படி ஒரு பெண்ணின் பெயர் பாவிக்கப்படாமலே வீட்டுக்குள் கிடந்திருக்கிறது, நாங்கள் எல்லவில் போய்ச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் கழித்து அப்பா முயன்று பார்த்தார். நான் பார்த்தேன். அம்மா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். மூச்சு வந்தது, உதடு கூடியது, கடைசியில், “இந்தா…” என்றுதான் வெளியே வந்தது. அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். “விடுங்க, வரலைன்னா வரல. ரொட்டி ஆறுது” என்றார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும் வரை தலை நிமிரவும் இல்லை.

அடுத்த முறை எல்லவுக்குப் போனவர் மதகில் உட்காராமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். “எடுத்துட்டானுக” என்றார். அம்மாவின் படத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அதே அளவில் வேறொரு பெண்ணின் படத்தை மாட்டியிருந்தார்கள். பேர் கேட்டால் படத்தையே மாற்றிவிடலாம் என்று கொழும்பு கண்டுபிடித்திருந்தது. அப்பா தோற்றுப்போனவராகக் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மாதான் கேட்டார்.

“யாரு அவ?”

“தெரியல.”

“எந்தத் தோட்டமாம்?”

“தெரியலையாம்.”

“அவ பேராச்சும் போட்டிருக்கா?”

அப்பா இல்லையென்று தலையாட்டினார். அம்மா எழுந்து போய் விளக்கு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “வாங்க, போவோம்” என்றார். எங்கே என்று அப்பா கேட்கவில்லை.

ஹோட்டல் வாசலில் இருந்த காவலாளிக்கு அம்மாவை அடையாளம் தெரிந்துவிட்டது. அத்தனை மாதம் தினமும் பார்த்த முகம். வாயைப் பிளந்துகொண்டு வழிவிட்டார். அம்மா புதிய படத்துக்கு முன்னால் போய் நின்றார். அந்தப் பெண் அம்மாவைவிட இளையவர். அதே மாதிரிப் பிரம்புக் கூடை, அதே சிரிப்பு. அம்மா முகத்தைப் பார்த்தார். பிறகு விரல்களைப் பார்த்தார். கொழுந்துக் கறை பிடித்து வெடித்த விரல்கள். “இவளும் வேலைக்காரிதான்” என்றார், “வேசம் கட்டி வச்சது இல்ல.”

முகாமையாளர் ஓடி வந்தார். அம்மாவைக் கண்டதும் தானாகவே கையைக் கட்டிக்கொண்டார்.

“இவ பேரு என்னாங்க?” என்று கேட்டார் அம்மா.

“தெரியாதும்மா. கொழும்புல இருந்து படமா வந்துச்சு. யாருன்னு அவங்களுக்கும் தெரியாது.”

“தெரியாதா?”

“சத்தியமா தெரியாதும்மா.”

“அப்ப ஒண்ணு செய்ங்க” என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை, நிறுக்கும் இடத்தில் கணக்குப் பேசும் அதே குரல். “அவ பேரு தெரியிற வரைக்கும் எம் பேரப் போடுங்க. என்னைக்காச்சும் ஒரு நாளு அவ இங்க வருவா, இல்லாட்டி அவ புள்ள வரும், எம் புள்ள வந்த மாதிரி. வந்து, இது எங்க அம்மா பேரு இல்லைன்னு சண்டை பிடிக்கும். அப்ப எம் பேர அழிச்சுட்டு அவ பேரப் போட்டுருங்க. அது வரைக்கும் பேரில்லாம அவ இங்க நிக்க வேணாம்.”

வரவேற்பு மேசையில் ஒரு தடித்த கறுப்புப் பேனை இருந்தது. அம்மா யாரையும் கேட்காமல் அதை எடுத்தார்.

“அம்மா, அம்மா, சுவர்ல எழுதிராதீங்க, என் வேலை போயிரும்” என்று முகாமையாளர் பதறினார்.

“சுவர்ல எழுதலைங்க. சட்டத்துல எழுதுறேன்.”

படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை மரச் சட்டத்தின் கீழ்ப்பக்கம் அகலமாக, வழவழப்பாக இருந்தது. அம்மா குனிந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, புள்ளியைக்கூட அழுத்தி எழுதினார். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முகாமையாளர் தடுக்கவில்லை. கொஸ்லந்தக் கணக்கப்பிள்ளை மகன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவருடைய அம்மாவும் பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத ஒருவராகத்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா எழுதி முடித்துப் பேனையை மூடினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார் அப்பா.

“நீங்கதான் கருவாட்டுத் தாளெல்லாம் படிக்கிறவராச்சே” என்றார் அம்மா. “எழுத்துச் சரியா இருக்கான்னு வாசிச்சுச் சொல்லுங்க. சத்தமா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, அந்த வரவேற்பறை முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தார்.

“பேச்சியம்மா.”